மூன்றில் இரண்டு பங்கு: ஒரு மாநாட்டு விதியின் நூற்றாண்டு வரலாறு

ஓர் அமைப்பின் வரலாறு என்றால் அதை நிறுவியவர்கள், தலைமை தாங்கியவர்கள், கட்டடம் எழுப்பியவர்கள் என்று பெயர்களை வரிசைப்படுத்துவதே விழா மலர்களில் வழக்கம். அந்த அமைப்பை உள்ளிருந்து நடத்திய விதிகளின் வரலாற்றை எழுதுவோர் குறைவு. ஆயிரம் பேர் கூடி ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பல நேரம் தலைவரைவிட விதியே வலியது. இதற்குப் பெரிய சான்று, அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 1832 முதல் 1936 வரை கைக்கொண்ட மூன்றில் இரண்டு பங்கு விதி. அந்த விதியின் வலிமையும் அதற்குக் கட்சி கொடுத்த விலையும் ஒருசேர வெளிப்பட்டது 1924-ஆம் ஆண்டு நியூயார்க் மாநாட்டில். 16 நாள் நீடித்த அந்த மாநாட்டில் 103 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. அமெரிக்காவின் பெரிய கட்சி எதுவும் அதற்கு முன்போ பின்போ இவ்வளவு நீண்ட மாநாடு நடத்தியதில்லை.

விதி பிறந்த கதை

ஜனநாயகக் கட்சியின் முதல் தேசிய மாநாடு 1832 மே மாதம் பால்டிமோர் நகரில் கூடியது. ஆண்ட்ரூ ஜாக்சன் மீண்டும் குடியரசுத் தலைவர் வேட்பாளர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. துணைத் தலைவர் வேட்பாளராக மார்ட்டின் வான் பியூரனைத் தேர்ந்தெடுப்பதே மாநாட்டின் வேலை. கட்சி முழுவதும் ஒரே மனத்தோடு அவருக்குப் பின்னால் நிற்கிறது என்று நாட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே, மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறுபவரே வேட்பாளர் என்று விதி செய்தார்கள். வான் பியூரன் எளிதாக வென்றார். ஒற்றுமையைக் காட்டவே அந்த விதி பிறந்தது என்பதை மறக்கக் கூடாது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே விதி வான் பியூரனையே வீழ்த்தியது. 1844-இல் அதே பால்டிமோரில் முதல் சுற்றில் 266 வாக்குகளில் 146 அவருக்கு விழுந்தன. பாதிக்கு மேல் பெற்றுவிட்டார். ஆனால் தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. டெக்சாசை நாட்டோடு சேர்ப்பதை அவர் எதிர்த்ததால் தென் மாநிலப் பேராளர்கள் அவரை விடவில்லை. முதல் சுற்றில் பெயரே எழாத ஜேம்ஸ் போல்க் ஒன்பதாம் சுற்றில் வேட்பாளரானார். அதன்பின் 1852-இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் 49-ஆம் சுற்றில் வந்தார். 1860-இல் சார்ல்ஸ்டன் நகரில் 57 சுற்று நடந்தும் ஸ்டீபன் டக்ளசுக்கு 303-இல் 202 கிடைக்கவில்லை. தென் மாநிலத்தார் பலர் வெளிநடப்புச் செய்ய, மாநாடு முடிவின்றிக் கலைந்தது. பின்னர் கட்சி இரண்டாகப் பிரிந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. ஆபிரகாம் லிங்கன் வென்றார்.

எதிரணியான குடியரசுக் கட்சி எப்போதும் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும் என்றே நடந்து வந்தது. ஜனநாயகக் கட்சி மட்டும் பழைய விதியைக் கைவிடவில்லை. காரணம் எளியது. மூன்றில் இரண்டு தேவை என்றால், மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பவர் யாரையும் தடுக்கலாம். தென் மாநிலங்கள் ஒன்றுசேர்ந்தால் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினமில்லை. தங்களுக்கு ஒவ்வாத எவரும் வேட்பாளராகாமல் பார்த்துக்கொள்ளும் காவலாக அவர்கள் அந்த விதியைப் பாதுகாத்தார்கள்.

1912-இல் மீண்டும் அதே பால்டிமோர். மிசூரியின் சாம்ப் கிளார்க் பத்தாம் சுற்றில் பாதியைத் தாண்டினார். 1844-க்குப் பின் அந்த நிலையை எட்டிய எவரும் தோற்றதில்லை என்பதால் அவர் வென்றுவிட்டதாகவே பலரும் கருதினர். ஆனால் 46-ஆம் சுற்றில் வேட்பாளரானவர் உட்ரோ வில்சன். கிளார்க் குடும்பத்தின் பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு முறை வரும்.

நியூயார்க்கில் கூடிய மாநாடு

1924 ஜூன் 24. இடம் மேடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பேரரங்கு. ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1890-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் இடிக்கப்படுவதற்கு ஓராண்டே மிச்சமிருந்தது. 1868-க்குப் பின் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நியூயார்க்குக்கு வருவது அதுவே முதல் முறை. மொத்த வாக்குகள் 1,098. வெற்றிக்கு 732 வேண்டும். பல மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் ஆட்களை அனுப்பி, ஆளுக்கு அரை வாக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தன. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபின் கூடிய கட்சியின் முதல் மாநாடும் இதுவே. தென் கரோலினாவின் லீனா ஸ்பிரிங்ஸ் துணைத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டார். பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில் ஒரு பெண்ணுக்கு அந்தச் சிறப்புக் கிடைத்தது அப்போதுதான்.

முன்னணியில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் மெக்அடூ: வில்சன் அமைச்சரவையில் நிதியமைச்சர், வில்சனின் மருமகன், மதுவிலக்கின் ஆதரவாளர். தென் மாநிலங்களும் மேற்கு மாநிலங்களும் அவர் பின்னால் நின்றன. எண்ணெய் வயல் ஊழலில் சிக்கிய எட்வர்ட் டொஹெனிக்கு அவர் வழக்கறிஞராக இருந்தது அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்து அவர் பெயரைச் சற்றுக் கெடுத்திருந்தது. மற்றவர் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித்: ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் பிறந்து, மீன் சந்தையில் வேலை பார்த்து உயர்ந்தவர், கத்தோலிக்கர், மதுவிலக்கை எதிர்த்தவர். இந்த இருவருக்கும் இடையே இருந்தது பதவிப் போட்டி மட்டுமன்று. கிராமத்துக்கும் நகரத்துக்கும், பழைய குடிகளுக்கும் புதிய குடியேறிகளுக்கும், மதுவிலக்குக்கும் அதன் எதிர்ப்புக்கும், ஒரு மதப் பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே இருந்த பிளவு இந்த இரண்டு பெயர்களில் திரண்டு நின்றது.

ஜூன் 26 அன்று ஸ்மித்தை முன்மொழியப் பேசியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். மூன்றாண்டு முன்பு இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் வலிமையை இழந்தவர். அதன்பின் அவர் அரசியல் மேடை ஏறிய முதல் பெரிய நிகழ்ச்சி அதுவே. கால்களில் எஃகுக் கவசம். ஒரு கையில் ஊன்றுகோல். மறுகை 16 வயது மகன் ஜேம்சின் தோளில். மேடையருகே வந்ததும் மகனை நிறுத்திவிட்டு, இரண்டு ஊன்றுகோல்களோடு தனியாகப் பேச்சு மேசை வரை நடந்தார். வியர்வை வழிந்தது; அரங்கு மூச்சடக்கிப் பார்த்தது. மேசையின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். கையை அசைத்துப் பேச முடியாததால் தலையை நிமிர்த்தி, குரலாலேயே அரங்கைக் கட்டிப்போட்டார். பேச்சு முடிந்ததும் ஸ்மித்துக்காக எழுந்த ஆரவாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. அந்த மாநாட்டில் எவருக்கும் பகையில்லாமல் பெருமையோடு வெளியேறியவர் அவர் ஒருவரே என்று சொன்னால் மிகையில்லை.

பெயர் சொல்லாத தீர்மானம்

வேட்பாளர் தேர்வுக்கு முன்பே கட்சி உடைந்தது கொள்கை அறிக்கையில். கறுப்பின மக்களையும் கத்தோலிக்கர்களையும் யூதர்களையும் குடியேறிகளையும் வெறுத்து, முகமூடியணிந்து வன்முறை செய்த கு கிளக்ஸ் கிளான் அமைப்பு 1915-இல் மீண்டும் உயிர்பெற்று, அப்போது இலட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்தது. மாநாட்டுப் பேராளர்களிலும் அதன் ஆதரவாளர்கள் கணிசமாக இருந்தார்கள். கிளான் மெக்அடூவை ஆதரித்தது. அவர் அதன் உறுப்பினர் அல்லர். ஆனால் அதைக் கண்டித்தும் பேசவில்லை. கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. அலபாமா செனட்டர் ஆஸ்கர் அண்டர்வுட் தென் மாநிலத்தவராக இருந்தும் அதற்கு முன்னின்றார். ஜார்ஜியாப் பேராளர் ஆண்ட்ரூ எர்வின் மேடையேறிக் கிளானைக் கண்டித்துப் பேசியதும் ஆதரவாளர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள்.

மூன்று முறை கட்சியின் வேட்பாளராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பெயரைச் சொன்னால் கட்சி பிளவுபடும், பொதுவான கண்டனமே போதும் என்று மன்றாடினார். பார்வையாளர் மாடங்களில் நிறைந்திருந்த நியூயார்க் மக்கள் அவரைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். அரங்குக்குள் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஜூன் 28 இரவு தொடங்கிய வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் மயிரிழை வித்தியாசத்தில் கண்டனத் தீர்மானம் தோற்றது.

அந்த ஒரு வாக்கெடுப்பே மாநாட்டின் தலைவிதியை எழுதிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. ஒற்றுமைக்காக மௌனம் காத்த கட்சிக்கு ஒற்றுமையும் வாய்க்கவில்லை. நியாயத்தின் பக்கம் நின்ற பெயரும் கிடைக்கவில்லை. கட்சி சரிபாதியாகப் பிளந்திருப்பது எண்ணிக்கையோடு அம்பலமானபின், மூன்றில் இரண்டு பங்கை யார் எங்கிருந்து திரட்டுவது?

நூற்று மூன்று சுற்றுகள்

ஜூன் 30 திங்கட்கிழமை வேட்பாளர் வாக்கெடுப்பு தொடங்கியது. மாநிலங்களை அகர வரிசையில் அழைப்பார்கள். முதல் பெயர் அலபாமா. ஆளுநர் வில்லியம் பிராண்டன் எழுந்து, தென்னாட்டு இழுவைக் குரலில், தம் மாநிலத்தின் 24 வாக்குகளும் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே என்று முழங்குவார். ஒவ்வொரு சுற்றும் அந்த முழக்கத்தோடுதான் தொடங்கியது. சில நாளில் மாடத்திலிருந்த மக்கள் அவரோடு சேர்ந்து அதைச் சொல்லத் தொடங்கினார்கள். வானொலி அப்போது புதிது. ஜனநாயகக் கட்சியின் மாநாடு முதன்முதலாக வானொலியில் ஒலித்த ஆண்டு அது. அலபாமாவின் அந்த வாக்கியம் நாடு முழுவதும் வீட்டுக்கூடங்களில் சிறுவர் வாயிலும் புழங்கியது. அதே வானொலி கட்சியின் கூச்சலையும் வசையையும் கூட்டிக் குறைக்காமல் மக்களின் காதில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் சுற்றில் மெக்அடூவுக்கு 431½, ஸ்மித்துக்கு 241. மீதி வாக்குகள் அந்தந்த மாநிலத்தின் சொந்தத் தலைவர்களுக்குச் சிதறின. ஒரு குழுவின் கணக்கில் ஐயமிருந்தால் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்கலாம். இதனால் ஒரு சுற்று முடியவே நெடுநேரம் ஆகும். தலைமை வகித்த மொண்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ் நாள்தோறும் சளைக்காமல் நடத்தினார். கோடை வெயில் கொளுத்தியது. சட்டைக் கையை மடித்துவிட்டு, காகித விசிறியால் வீசிக்கொண்டே பேராளர்கள் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நகர விடுதி வாடகை கையைக் கடித்தது. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். அறுபதாம் சுற்றைக் கடந்தபோது 1860-இன் கணக்கும் பின்தங்கியது.

69-ஆம் சுற்றில் மெக்அடூ 530 வாக்குகளைத் தொட்டார். அதுவே அவருடைய உச்சம். பாதியைத் தாண்ட இன்னும் 20 வாக்குத் தேவைப்பட்டது. சாதாரணப் பெரும்பான்மை விதி இருந்திருந்தால் அந்த இருபது வாக்கு அவருக்குக் கிடைத்திருக்கக்கூடும். கிளான் ஆதரித்த ஒருவர் வேட்பாளராகாமல் தடுத்தது அதே பழைய விதிதான் என்பதையும் நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். ஸ்மித்தின் உச்சம் 368. மூன்றில் ஒரு பங்கான 366-ஐ விட இரண்டு கூடுதல். வெல்ல முடியாத ஒருவர், மற்றவரும் வெல்ல முடியாதபடி தடுத்து நிறுத்தத் தேவையான அளவு.

முட்டுக்கட்டையை நீக்க வழி தேடினார்கள். மூன்றில் இரண்டு பங்கு விதியையே தளர்த்தலாம் என்றார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் நிற்பவரை நீக்கலாம் என்றார்கள். எதுவும் நிறைவேறவில்லை. ஏன்? விதியில் எந்த மாற்றம் செய்தாலும் அது மெக்அடூவுக்கு இலாபமா ஸ்மித்துக்கு இலாபமா என்று உடனே கணக்குப் போட முடிந்தது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போது விதியைத் திருத்தும் முயற்சி எதுவானாலும் அது போட்டியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும்.

ஜூலை 7 இரவு ஒரு துயரச் செய்தி வந்தது. எதிரணியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் இறந்துபோனான். அரங்கு ஒரு கணத்தில் அமைதியாயிற்று. மாநாடு இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வாரமாக ஒருவரையொருவர் வசைபாடியவர்கள் ஒரு தகப்பனின் துக்கத்துக்கு முன் ஒன்றாய்த் தலைவணங்கினார்கள்.

86-ஆம் சுற்றில் ஸ்மித் முதன்முறையாக மெக்அடூவை முந்தினார். 99-ஆம் சுற்று முடிந்ததும் மெக்அடூ தம் பேராளர்களை விடுவித்தார். ஸ்மித்தும் விலகினார். ஜூலை 9 அன்று, 103-ஆம் சுற்றில், மேற்கு வர்ஜீனியாவின் ஜான் டேவிஸ் 844 வாக்குகளோடு வேட்பாளரானார். பிரிட்டனுக்கான தூதராகவும் அரசின் தலைமை வழக்கறிஞர்களில் ஒருவராகவும் இருந்தவர். நாட்டின் சிறந்த வழக்கறிஞர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 31 வாக்கு. பிரையனின் தம்பியும் நெப்ராஸ்கா ஆளுநருமான சார்லஸ் பிரையன் துணைத் தலைவர் வேட்பாளரானார்.

மாநாடு சொல்லத் துணியாததை டேவிஸ் ஆகஸ்டில் நியூஜெர்சியில் பேசியபோது சொன்னார்; கிளானைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் தேர்தலில் கூலிட்ஜுக்கு 54 விழுக்காடு, டேவிசுக்கு 29 விழுக்காட்டை ஒட்டிய வாக்கு. முற்போக்குக் கட்சி சார்பில் நின்ற ராபர்ட் லா ஃபோலெட் 16 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார். பெரும்பாலோருக்கு முதல் விருப்பமாக இல்லாதவரை, களைப்பின் காரணமாகத் தேர்ந்தெடுத்த கட்சிக்கு மக்கள் அளித்த தீர்ப்பு அது.

விதி விடைபெற்றது

இவ்வளவுக்குப் பின்னும் அடுத்த மாநாட்டில் விதி அப்படியே இருந்தது. 1928-இல் ஹூஸ்டனில் ஸ்மித் முதல் சுற்றிலேயே வேட்பாளரானார்; ஹெர்பர்ட் ஹூவரிடம் தோற்றார். 1932-இல் சிகாகோவில் ரூஸ்வெல்ட் முன்னணியில் இருந்தார். விதியை நீக்க அவர் தரப்பு முயன்றது. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் பின்வாங்கினார்கள். முதல் சுற்றில் அவருக்கு 666¼ வாக்கு, 770 தேவை. மூன்று சுற்று வரை இழுபறி. நான்காம் சுற்றில் கலிஃபோர்னியாவின் வாக்குகளை ரூஸ்வெல்ட்டுக்கு அளிப்பதாக எழுந்து அறிவித்தவர் வேறு யாருமல்லர், மெக்அடூ. 1924-இன் நினைவு எல்லார் நெஞ்சிலும் இருந்தது; அது மீண்டும் நேராமல் தடுக்க அவரே முன்வந்தார்.

1936-இல் பிலடெல்பியா. ரூஸ்வெல்ட் பதவியில் இருக்கிறார், போட்டியே இல்லை. யாருடைய வெற்றி தோல்வியும் விதியைப் பொறுத்து இல்லாத அந்த மாநாட்டில்தான் மூன்றில் இரண்டு பங்கு விதி நீக்கப்பட்டது. அந்த முயற்சிக்குத் தலைமை வகித்தவர் மிசூரி செனட்டர் பென்னட் சாம்ப் கிளார்க். 1912-இல் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றும் தோற்ற சாம்ப் கிளார்க்கின் மகன்.

அதன் விளைவு 1948-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மாநாடு கறுப்பின மக்களின் குடிமை உரிமைகளை வலியுறுத்தும் தீர்மானத்தை 651½-க்கு 582½ என்ற வாக்கில் நிறைவேற்றியது. தென் மாநிலப் பேராளர்கள் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். பழைய விதி இருந்திருந்தால், பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் மீண்டும் வேட்பாளராவதைத் தடுக்க முயல அவர்களுக்கு ஒரு வழி இருந்திருக்கும். இப்போது அந்த வழி அடைபட்டிருந்தது. ட்ரூமன் வேட்பாளரானார், நவம்பரில் வென்றார். 1924-இல் ஒரு வன்முறை அமைப்பின் பெயரைச் சொல்லவே தயங்கிய கட்சி 24 ஆண்டுகளில் அங்கு வந்து சேர்ந்திருந்தது. கத்தோலிக்கர் என்பதற்காக ஸ்மித்துக்கு மறுக்கப்பட்ட பதவியை 1960-இல் ஜான் கென்னடி பெற்றார். 1952-க்குப் பின் இரு பெரிய கட்சிகளின் மாநாடுகளிலும் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வு முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை.

இந்த வரலாறு கற்பிப்பது

பெரும்பான்மைக்கு மேல் பெரும்பான்மை கேட்கும் விதிகள் எல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. ஓர் அமைப்பின் அடிப்படை விதியைத் திருத்தவும், அதன் சொத்தை விற்கவும், உறுப்பினரை நீக்கவும் உயர்ந்த பெரும்பான்மை தேவைதான். அங்கே முடிவெடுக்காமல் விட்டால் இருப்பது இருந்தபடி தொடரும், கேடில்லை. ஆனால் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அதே அளவை வைத்தால், முடிவெடுக்கும் உரிமை தடுப்பவர் கைக்குப் போய்விடும். ஒற்றுமையை விதியால் வரவழைக்க முடியாது. கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்த்தபின் வருவதே ஒற்றுமை.

சங்கங்களிலும் மன்றங்களிலும் கூட்டுறவு அமைப்புகளிலும் பொறுப்பேற்றிருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்தல் அறிவிப்பு வந்தபின் விதிப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். அப்போது ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே தெரியும். போட்டி எதுவும் இல்லாத அமைதியான ஆண்டில், அடுத்து யார் நிற்பார் என்று எவருக்கும் தெரியாத நேரத்தில், பொதுக்குழுவைக் கூட்டி அதைப் படியுங்கள். திருத்த வேண்டியதை அப்போதே திருத்துங்கள். அமெரிக்க ஜனநாயகக் கட்சி அதைக் கற்றுக்கொள்ள 104 ஆண்டுகள் ஆயின. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.